ஒரு கல், ஒரு மாங்காய்

காய்கறிப் பையை வாசற்கதவுக்கு உட்புறம் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே அண்ணி மீண்டும் தெருவில் இறங்குகிறார். சற்று முன் எந்தத் தெரு வழியாக வந்தாரோ அதே தெரு; அதே தபால்பெட்டி, அதே சலவைக்கடை. "என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?" என்று காய்கறிக் கடைக்காரர் இன்றைக்கும் புதிதாகக் கேட்கிறார். "ஒண்ணும் மறக்கல. அப்ப வந்தது காய் வாங்க. இப்ப போறது உடம்புக்கு" என்கிறார் அண்ணி, நடையைத் தளர்த்தாமல். நாள்தோறும் நடக்கச் சொல்லி மருத்துவர் கட்டளை. ஆனால் கடைக்குப் போய் வந்த நடை கடைக் கணக்கில் செலவாகிவிட்டது. அதையே உடம்பின் கணக்கிலும் எழுதிக்கொள்ள அவர் மனம் ஒப்புவதில்லை.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா, வேலை கற்றுக்கொடுத்ததா என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. வேலைதான் என்பது என் அண்ணனின் கட்சி. அண்ணியின் தாயார் அதை ஏற்பதில்லை. "பள்ளிக்கூடத்துலேர்ந்து மழையில தொப்பலா நனைஞ்சு வருவா. தலையைத் துவட்டுடின்னா கேக்க மாட்டா. நேரா உள்ள போய் இன்னொரு தடவை தண்ணி ஊத்திப்பா. ஏண்டின்னு கேட்டா, நனைஞ்சது நனைஞ்சது, குளிச்சது குளிச்சதும்பா" என்பது அந்த அம்மையாரின் வாக்குமூலம். குடும்பத்தின் பிறப்பு, மணம், இடமாற்றம் முதலியவற்றைப் பதிந்து வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால் இரு தரப்பையும் குறித்து வைத்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

அவர் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் கணினியியல் துறை அலுவலகத்தில். வரலாறு, இசை, தாவரவியல் என்று வேறெதையோ முதன்மையாகப் படிக்கும் மாணவர்கள் கணினியியலையும் கொஞ்சம் தொட்டுக்கொள்ள அங்கே இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஆறு பாடங்களை முடித்தால் கணினியியல் துணைப்பாடம் என்று பட்டத்தில் பொறித்துத் தருவார்கள். மாணவர்கள் அதை மைனர் என்பார்கள். நான்கு முடித்தால் தனியே ஒரு சான்றிதழ். சான்றிதழை வெளியாரும் மாலை வகுப்பில் படிக்கலாம். எந்தப் பாடம் கட்டாயம், எதை முடித்த பிறகு எதில் சேரலாம், எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தேறியும் பயனில்லை என்று விதிகள் பல உண்டு. அவற்றுக்கெல்லாம் தலைமையாக ஒரு விதி: ஒரு பாடத்தை ஒரு தகுதிக்குத்தான் கணக்கில் சேர்க்கலாம். வரலாற்றுப் பட்டத்துக்கு எண்ணிய பாடத்தைக் கணினி மைனருக்கு எண்ணக்கூடாது. இந்த விதியைக் காப்பதுதான் அண்ணியின் உத்தியோகம். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒருதடவை மேடம்'. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. மறுப்புத் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

அவருடைய மேசை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தடுப்பின் கீழ் ஒரு பிறைவடிவ ஓட்டை. அதன் வழியே தாள்கள் உள்ளே போகும், பெரும்பாலும் போன வேகத்திலேயே திரும்பும். மேசையில் இரண்டு பேனாக்கள்: ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சொந்தத்துக்கு. இரண்டு மூக்குக்கண்ணாடிகள்: கறுப்புச் சட்டமிட்டது அலுவலகம் கொடுத்தது, பழுப்புச் சட்டமிட்டது தாமே வாங்கியது. இரண்டுக்கும் ஒரே பவர்தான். ஆயினும் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் கறுப்பைக் கழற்றிப் பழுப்பை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்த்தான் பேசுவார். "காதுல பேசறதுக்குக் கண்ணாடி எதுக்கு அண்ணி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "யாரு பேசறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா தம்பி?" என்றார்.

தடுப்புக்கு முன்னால் நடக்கும் வழக்குகள் தனி ரகம். தத்துவம் படிக்கும் மாணவன் ஒருவன் வாதாடியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

"மேடம், எங்க துறையில தர்க்கவியல் படிச்சிருக்கேன். கம்ப்யூட்டர்னாலே தர்க்கந்தானே? அதை மைனர்ல சேத்துக்கலாமே?"

"அதை உங்க டிகிரில சேத்தாச்சா?"

"சேத்தாச்சு மேடம்."

"அப்ப அது அங்க வேலையில இருக்கு. இங்க கூப்பிட்டா எப்படி வரும்?"

இன்னொரு மாணவி நிரலாக்கப் பாடத்தில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறியவள். ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்திருப்பதால் இரண்டாக எண்ண வேண்டும் என்று கோரினாள். அண்ணி பேனாவைக் கீழே வைத்து அவளைச் சற்றுநேரம் பார்த்தார். "கேள்வி ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். "பதில் அதேதான்."

பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் இருக்கிறார். மாணவர்கள் அவரைத் 'தாராளம்' என்று அழைக்கிறார்கள். எதிரே யாராவது கண் கலங்கினால் அவருக்குக் கூட்டல் தப்பும். தாராளம் விடுப்பில் போகும் நாளில் வரிசையே கரைந்துவிடும் என்று கேள்வி. அவரைப்பற்றி அண்ணிக்கு வருத்தம் உண்டே தவிரக் கோபமில்லை. "அவன் நல்லவன் தம்பி. நல்லவங்க கையில ரப்பர் ஸ்டாம்பைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

இத்தனைக்கும் கணினியியலில் அண்ணிக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. தம் மேசைக் கணினி உறைந்து நின்றால் தாராளத்தைக் கூப்பிடுவார். அவர் வரும்வரை அதன் தலையில் லேசாகத் தட்டுவார். "இத்தனை வருஷம் அங்கேயே இருந்தும் ஒண்ணும் கத்துக்கலையா?" என்று உறவினர் கேலி செய்தால் பதில் ஆயத்தமாக இருக்கும். "நான் ரயில்ல டிக்கெட் பாக்கறவ. எஞ்சின் எப்படி ஓடுதுன்னு என்னைக் கேட்டா?"

டிக்கெட் பார்க்கும் கண் வீட்டிலும் ஓய்வதில்லை. எங்கள் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் ஒரே மாதத்தில் மாமனார் காலமானார், பேரனும் பிறந்தான். அண்ணி போய்த் துக்கம் விசாரித்தார். அழுதவர்களோடு அழுதார். விடைபெறாமல் எழுந்து வெளியே வந்து, தெருமுனை வரை நடந்து, முகத்தைத் துடைத்து வேறு முகமாக்கிக்கொண்டு, பையிலிருந்து சின்னஞ்சிறு சட்டையொன்றை எடுத்துக் கையில் பிடித்தபடி திரும்பிவந்து அழைப்புமணியை அழுத்தினார். கதவைத் திறந்த தங்கை விழித்தாள். "இப்பத்தானே அண்ணி போனீங்க?" அண்ணியின் முகம் மலர்ந்திருந்தது. "அது துக்கத்துக்கு. இது குழந்தைக்கு. எங்க, மகராசன் எங்க?"

நான் வரைந்து வைத்திருக்கும் குடும்ப வரைபடமும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. உறவுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததால் எங்கள் பெரியவர் ஒருவர் அதில் இரண்டு கிளைகளில் வருகிறார். ஒருவழியில் எனக்கு மாமா, மறுவழியில் பெரியப்பா. அண்ணி இரண்டு விரல்களை இரண்டு பெயர்களின்மேலும் வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மனுஷன் ரெண்டு கிளையில உக்காந்தா கிளை முறிஞ்சுடும் தம்பி. ஏதாவது ஒண்ணுலேர்ந்து இறக்கி விடுங்க." நான் இன்றுவரை இறக்கவில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்தால் அந்தத் தாளை மேசைவிரிப்புக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற பழமொழியை அவர் எதிரில் யாரும் எடுப்பதில்லை. "ஒரு கல்லுல ஒரு மாங்காதான் விழும். இன்னொண்ணும் விழுந்ததுன்னா அது காத்துல விழுந்திருக்கும். அதுக்கு உங்க கல்லு பொறுப்பில்ல" என்பது அவருடைய முடிவு.

அண்ணனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விதியின் சக்கரம் கடைசியில் அவர்மேல்தான் ஏறியது. அவர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். எதற்கும் பதறாத மனிதர். வீட்டில் துணி தேய்ப்பது அவர் பங்கு. மடிப்பு கலையாமல் அடுக்கி வைப்பதில் அவருக்கு நிகரில்லை. பள்ளி விட்டதும் நேரே பல்கலைக்கழகத்துக்கு நடந்து வந்து, அண்ணியின் அலுவலக வாசலில் இருக்கும் மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அண்ணி வேலை முடிந்து வெளியே வந்ததும் இருவரும் பேசிக்கொண்டே வீடு திரும்புவார்கள். மணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவர்கள் பேசுவதைப் பின்னாலிருந்து கேட்டால் சண்டைபோலத் தோன்றும்; முன்னாலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது.

அந்தப் பள்ளியில் புவியியல் வகுப்புகளைக் குறைப்பதென்று முடிவாயிற்று. அண்ணன் கணினிச் சான்றிதழ் ஒன்று பெற்று வந்தால் கீழ்வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். கல்வியாண்டு முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் ஆற்றுக்கு அப்பால், அடுத்த ஊரில் இருக்கும் கிளைப்பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே ஓர் அறையும் கட்டிலும் கொடுப்பார்கள். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம். தலைமையாசிரியர் இதை நயமாகவே சொல்லியிருக்கிறார். அண்ணன் வீட்டில் வந்து சொன்னபோது அண்ணி அடுக்கி வைத்திருந்த துணிகளை ஒருமுறை பார்த்தாராம். பிறகு, "அப்ப என் துணியை யாரு தேய்ப்பா?" என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணன் மாலை வகுப்பில் சேர்ந்தார். தரவுத்தளம், தரவுக் கட்டமைப்பு, இணையப்பக்க வடிவமைப்பு என மூன்றை முடித்தார். நான்காவதான நிரலாக்கத்தை முன்பே படித்திருந்தார். உறவினரின் கோப்பைத் தாம் பார்க்கலாகாது என்று அண்ணி அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டார். தாராளம் அதைப் பார்த்தார். நான்கு என்று எண்ணினார். முத்திரை குத்தி, எழுந்து நின்று கைகுலுக்கினார்.

அன்று மாலை அண்ணன் இனிப்புப் பெட்டி வாங்கி வைத்து, என்னையும் சாப்பிட அழைத்திருந்தார். ஆகவே பின்வருவதற்கு நான் சாட்சி. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் அண்ணனின் பெருமிதம் சட்டமிட்டுத் தொங்குகிறது: சில ஆண்டுகளுக்கு முன் புவியியல் துறையில் அவர் வாங்கிய வரைபடக்கலைச் சான்றிதழ். அதற்குப் பக்கத்திலேயே, அந்தப் படிப்புக்காக அவர் கணினியில் வரைந்த நிழல் வரைபடம். பள்ளியிலிருந்து பல்கலைக்கழக அலுவலகம் வரையுள்ள வழியில் மாலை நேரத்தில் தெருவின் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று மரம் மரமாகக் குறித்தது. அண்ணி ஓர் இனிப்பை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டே சுவரைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"என்னங்க, ப்ரோகிராமிங் கோர்ஸை எத்தனை தடவை படிச்சீங்க?"

"என்ன கேள்வி இது? ஒரு தடவைதான். அதுக்கே உயிர் போச்சு."

"எதுக்காகப் படிச்சீங்க?"

"மேப் சர்டிபிகேட்டுக்கு. அதுல அது கட்டாயமாச்சே..." என்று தொடங்கிய அண்ணன் அவர் பார்வை போன இடத்தைக் கவனித்தார். குரல் இறங்கியது. "படிப்பு ஒண்ணுதானே? மேப்புக்கு வேற மூளை, கம்ப்யூட்டருக்கு வேற மூளையா?"

"மூளை ஒண்ணுதான். எண்ணறதும் ஒரு தடவைதான். அங்க எண்ணியாச்சு."

"இதோ பாரு, கையெழுத்துப் போட்டாச்சு. முத்திரை குத்தியாச்சு. உன் ஆபீஸ்தான் குத்திச்சு."

"ஆபீஸ் குத்தல. தாராளம் குத்தினான். அவன் கிட்ட போஸ்ட் கார்டை நீட்டினாலும் குத்துவான்."

"தெரியாத மாதிரி இருந்துடேன். யாரு கேக்கப் போறா?"

"தெரியாம இருந்தா இருந்திருப்பேன். தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எப்படி இருக்கறது? நாளைக்கு வந்து டோக்கன் எடுங்க."

"நான் உன் புருஷன்!"

"வீட்டுல. ஆமா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது சொல்லேன்." நான் தண்ணீர் குடித்தேன். அண்ணி கடித்த பாதி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்தார். பிறகு அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார். "சர்டிபிகேட்டுக்கு வாங்கினது இது. அது வரட்டும்."

மறுநாள் அண்ணன் மாணவர் வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். இதை அண்ணனிடமும் தாராளத்திடமும் தனித்தனியே கேட்டு ஒத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டும் பொருந்துகின்றன. தாராளம் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். கோப்பு அவரிடமிருந்து அண்ணியின் மேசைக்கு வந்துவிட்டிருந்தது. சலுகை காட்டக்கூடாது என்று தள்ளிவிட்டது சலுகையாக முடிந்ததால், அண்ணி துறைத்தலைவரிடம் சொல்லித் தாமே திரும்பப் பெற்றிருந்தார்.

"பேர் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"பைல்ல இருக்கறதும் நீங்க சொல்றதும் ஒண்ணான்னு பாக்கணும். சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் அண்ணி, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி. "ப்ரோகிராமிங்கை மேப் சர்டிபிகேட்லேர்ந்து எடுத்து இங்க வெச்சுக்கலாம். அப்படின்னா அந்தச் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். இன்னிக்கே வேலை முடிஞ்சுடும். இல்லேன்னா புதுசா ஒரு கோர்ஸ் படிக்கணும்."

அண்ணன் சிறிதும் தயங்கவில்லை. "மேப்பைக் கொடுக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த ஊரு..."

"அந்த நிழலையெல்லாம் நான் நின்னு நின்னு பாத்து வரைஞ்சேன். கொடுக்க மாட்டேன்."

அண்ணி தலை குனிந்து கோப்பில் எழுதினார். எழுத வேண்டியதைவிடச் சற்று அதிகநேரம் எழுதினார் என்பது மேசைக்கு அடியிலிருந்து எழுந்துவிட்ட தாராளத்தின் கூற்று.

அந்தப் பருவத்தில் அண்ணன் சேரத் தகுதியுள்ள பாடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கணங்கள், எண்ணும் முறைகள், நிரூபணங்கள் எல்லாம் அடங்கிய டிஸ்கிரீட் மேத்ஸ். மாலையில் கிடையாது; பள்ளி தொடங்குமுன் முடிந்துவிடும் காலை முதல் வகுப்பு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பின்னால் நின்ற மாணவன் முன்னால் சாய்ந்தான். "அங்கிள், அது வேணாம். அதுக்குள்ள போனவன் திரும்பி வந்ததில்ல."

"நீ போயிருக்கியா?"

"மூணாவது தடவையா போறேன், அங்கிள்."

அண்ணி படிவத்தை ஓட்டை வழியே நீட்டினார். "சி கிரேடாவது வாங்கணும். டி வாங்கினா பாஸ்தான். ஆனா எண்ண மாட்டோம்."

"பாஸாகியும் எண்ண மாட்டீங்களா? இது என்ன நியாயம்?"

"கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் சொந்தமாயிடுவாங்களா? அடுத்தது!"

அண்ணன் படித்தார். விடியற்காலையில் துணி தேய்த்துக்கொண்டே படித்தார். கணங்கள் வந்த வாரத்தில் நான் போயிருந்தபோது, தேய்ப்புப் பலகையின் ஒருபுறம் தம் துணிகளையும் மறுபுறம் அண்ணியின் துணிகளையும் வைத்து, இருவருக்கும் பொதுவான துண்டுகளை நடுவில் விரித்திருந்தார். முகத்தில் வெற்றிக்களை. "இங்க வா, இங்க வந்து பாரு" என்று அண்ணியைக் கூப்பிட்டார். "இந்தத் துண்டு என் கூட்டத்துலயும் இருக்கு, உன் கூட்டத்துலயும் இருக்கு. ஒண்ணு ரெண்டு இடத்துல இருக்கலாம்! புத்தகத்துல அச்சடிச்சே போட்டிருக்கான். இத்தனை வருஷமா நீ சொன்னது கணக்குலயே நிக்கல!"

அண்ணி கையில் கரண்டியோடு வந்து நின்று துண்டுகளைப் பார்த்தார். அவருக்கு அது உண்மையிலேயே கவலை அளித்தது என்று நினைக்கிறேன். "இருக்கட்டும்" என்றார் கடைசியில். "உங்க துணி எத்தனை, என் துணி எத்தனைன்னு எண்ணி, ரெண்டையும் கூட்டினா மொத்தத் துணி வருமா?"

"வரும். துண்டு மட்டும்..." அண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். படித்தார். களை இறங்கியது. "துண்டு ரெண்டு தடவை வந்துடும். அதனால மொத்தத்துலேர்ந்து ஒரு தடவை கழிச்சுடணும்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குப் போனார்.

தேர்வு வந்தது, போயிற்று. மதிப்பெண்கள் மாணவர்களுக்குத் தெரியுமுன் அலுவலகத் திரையில் வந்துவிடும். அண்ணி விரலை அசைத்தால் பார்த்துவிடலாம். அவர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தாள் வேலைகளை மட்டும் பார்த்தார். தாராளத்திடம், "நீ சொல்லவும் கூடாது, உன் மூஞ்சியை என் பக்கம் காட்டவும் கூடாது" என்று உத்தரவு. அவர் அன்று முழுவதும் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததாகவும் கழுத்து வலித்ததாகவும் சொல்கிறார். மாலையில் அண்ணன் மறுபடியும் டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து ஓட்டை வழியே தாளை நீட்டினார். சி. அதற்கு மேல் ஓர் இழை இல்லை; கீழேயும் இல்லை. மூன்றாவது தடவையாகப் போனவனும் தேறியிருந்தான், அவனுக்கு பி.

அண்ணி நான்கு பாடங்களையும் விரல் வைத்து எண்ணினார். மேலிருந்து கீழே ஒருமுறை. கீழிருந்து மேலே ஒருமுறை. முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக் குத்தினார். "அடுத்தது!"

அண்ணன் எழவில்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"ஆபீஸ் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சே. பின்னால ஆள் நிக்கறாங்க, பாருங்க."

சான்றிதழ் வழங்கும் நாளன்று அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, கடைசி வரிசையில் இடம் பிடிக்கச் சொன்னார். "எனக்கும் பக்கத்துல ஒரு நாற்காலி பிடிச்சு வைங்க தம்பி."

"நீங்கதான் மேடையில இருப்பீங்களே, அண்ணி?"

"பிடிச்சு வைங்கன்னா பிடிச்சு வைங்களேன்" என்று தம் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பையில் பழுப்புக் கண்ணாடி இருந்தது.

மேடையில் துறைத்தலைவர் நடுவில் நின்றார். அண்ணி அவருக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, அடுக்கிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் வாங்கும்போதும் அண்ணியிடமிருந்து மூன்று கைதட்டல், ஓசை எழாமல். அண்ணனின் பெயரை அழைத்தார்கள். தேய்த்த சட்டையில் அண்ணன் மேடையேறினார். தாள் கைமாறியது. மூன்று கைதட்டல். அண்ணன் ஒரு கணம் நின்று அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி அதற்குள் அடுத்த தாளை எடுத்திருந்தார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சான்றிதழை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "பாத்தியா? கல்லு மாதிரி நிக்கறா" என்றார். "உன் அண்ணி இல்லடா, கல்லு." அடுத்த ஊருக்குப் போக வேண்டாம் என்றாகிவிட்ட மனிதரின் முகம் அல்ல அது.

கடைசித் தாளும் கைமாறியது. துறைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணினியின் எதிர்காலம் பற்றிப் பேசத் தொடங்கினார். அவை அமைதியாயிற்று. அண்ணி பக்கவாட்டுப் படி வழியே இறங்கி, சுவரோரமாகவே நடந்து எங்கள் வரிசைக்கு வந்தார். நான் பிடித்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி உறையிலிட்டார். பழுப்புக் கண்ணாடியைத் தேடியெடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அண்ணனின் மடியில் கவிழ்ந்து கிடந்த தாளை நிமிர்த்தி வைத்தார். பிறகு, ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில், இரண்டு கைகளையும் உயர்த்திப் படபடவென்று தட்டத் தொடங்கினார். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. துறைத்தலைவர் தம் பேச்சுக்கென்றே எண்ணி, நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். அண்ணி அவரைக் கவனிக்கவே இல்லை. அண்ணனைப் பார்த்தபடி, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.